ஏழாம் எண் எச்சில்

பத்துப் பேர் துப்பினார்கள். ஒன்பது பேருடைய எச்சில் சுத்தம். ஒருவருடையது மட்டும் நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட் ஊதுகிற ஆளுடைய எச்சில்.

அந்தச் சோதனை முடிவுத் தாளை ரேடியோ கொண்டுவந்து மேஜைமேல் வைத்தபோது தனக்கு வந்த சந்தோஷத்தைப் பிற்பாடு நினைத்து நினைத்து அவள் கூசிப்போனாள். அப்போது கூசவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ரேடியோ என்பது பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்யும் பெண். அவளிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டால் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டிய அவசியம் கிடையாது. புகைப்பதை நிறுத்த வைக்கும் ஆராய்ச்சிக்கென்றே இருந்த அந்த மூன்றாவது மாடிக்குப் போன வாரம்தான் ஒரு புதிய கருவி வந்திருந்தது. உடம்புக்குள் போன நிக்கோட்டின் கோட்டினின் என்ற இன்னொரு பொருளாக மாறி, நாலைந்து நாள் எச்சிலில் ஒளிந்துகொண்டிருக்கும். கருவி அதைப் பிடித்துவிடும். இல்லாததை இல்லை என்று சொல்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும் அல்லவா, அதற்காகப் புகைக்காத ஊழியர்கள் பத்துப் பேர் ஆளுக்கொரு குப்பியில் துப்பிக் கொடுத்தார்கள். தலைமை ஆராய்ச்சியாளரான அவளும் கொடுத்தாள்.

"மிஷின்ல கோளாறு இல்ல மேடம். மூணு தடவை ஓட்டிப் பார்த்துட்டேன். ஏழாம் நம்பர், இருநூத்திப் பன்னண்டு."

"இருநூத்திப் பன்னண்டா?"

"நாளைக்கு இருபது ஊதற ஆளு. நம்மகூடவே உட்கார்ந்து டீ குடிச்சிட்டு இருக்கார், புண்ணியவான்."

"யாரா இருக்கும்?"

"நான் எப்படி மேடம் சொல்றது" என்று சொல்லிவிட்டு ரேடியோ நாலு பேரைச் சொன்னாள்.

அவள் சிரித்தாள். "அதிகம் பேசாத ஆளுங்க மேலதான் ஒரு கண்ணு வைக்கணும்" என்றாள். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அந்த அலுவலகத்தில் அதிகம் பேசாத ஆள் ஒருவர்தான்.

அவர் மருந்தாளுநர். எல்லோரும் வைத்த பெயர் பூட்டு. நான்கு வருடமாக அங்கே நடந்துவந்த சோதனையின் ரகசியம் முழுவதும் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். சிகரெட்டை விட நினைக்கும் முந்நூறு பேருக்கு மெல்லும் பசை கொடுக்கிறார்கள். பாதிப் பேருடைய பசையில் நிக்கோட்டின் உண்டு. மீதிப் பேருக்கு வெறும் பசை, தொண்டையில் அதே எரிச்சல் வருவதற்கு மிளகு எண்ணெய் மட்டும் சேர்த்தது. ஒன்றில் பச்சைப் பட்டை, மற்றொன்றில் மஞ்சள் பட்டை. எது எந்தப் பட்டை என்பது வாங்குகிறவருக்கும் தெரியக் கூடாது, கொடுக்கிறவருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் குரலில் தெரிந்துவிடும், முகத்தில் தெரிந்துவிடும், போடுகிற மதிப்பெண்ணில் தெரிந்துவிடும். அதனால் ரகசியம் பூட்டிடம். பேச்சுவாக்கில் யாராவது பிடுங்கப் பார்த்தால் அவர் அன்றைய வெயிலைப் பற்றிச் சொல்லுவார்.

மதியத்துக்குள் விஷயம் மூன்று மாடிக்கும் பரவிவிட்டது. அந்த ஆராய்ச்சி நிலையமே அச்சடித்த, கறுத்த நுரையீரல் படம் போட்ட சுவரொட்டியை யாரோ பூட்டின் கதவில் ஒட்டினார்கள். அவர் அது கோணலாக இருப்பதைப் பார்த்து, நேராக்கி ஒட்டிவிட்டு உள்ளே போனார்.

எந்த எண் யாருடையது என்று அவள் அவசரமாகக் குறித்துப் போட்டு மறந்த பட்டியல் அவளுடைய இழுப்பறையில்தான் இருந்தது. சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு, மிட்டாய்ப் பெட்டி திறக்கிறவளைப்போல அதைத் திறந்தாள்.

ஏழுக்கு நேரே அவளுடைய பெயர். அவளுடைய கையெழுத்திலேயே.

முதலில் எண்ணை ஆறென்று படித்துப் பார்த்தாள். பிறகு தாளைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு போய்ப் பல் துலக்கி, வாயை நாலு தடவை கொப்பளித்து, இன்னொரு குப்பியில் துப்பி, ஏழாம் நம்பரிடம் மறுபடி வாங்கியது என்று எழுதி ஒட்டி, ரேடியோவின் மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலையில் வந்த பதில் நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

"குறைஞ்சிருக்கு மேடம்" என்றாள் ரேடியோ. "ஆளு பயந்துட்டார்."

வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக்கூட வாயில் வைக்காதவள் அவள். பக்கத்து மேஜையில் யாராவது பற்றவைத்தால் எழுந்துபோய்ப் புள்ளிவிவரம் சொல்லிவிட்டு வருகிறவள். அடுத்தவர் விடும் புகையைச் சுவாசித்து இவ்வளவு ஏறவே ஏறாது என்று அவளே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறாள். இருந்தும் அன்று வீட்டுக்குப் போனதும் துணிக்கூடையைக் கவிழ்த்துக் கணவருடைய சட்டைகளை ஒவ்வொன்றாக முகர்ந்தாள்.

கணவர் கணக்கு வாத்தியார். சாப்பாட்டு மேஜையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"என்ன மோப்பம் பிடிக்கறே?"

"நீங்க சிகரெட் பிடிக்கறீங்களா?"

"உன்னோட இருபது வருஷம் குடித்தனம் பண்றேன். தீப்பெட்டி வாங்கவே எனக்குப் பயம்."

"விளையாடாதீங்க. என் எச்சில்ல நிக்கோட்டின் இருக்கு. கொஞ்சநஞ்சம் இல்ல."

அவர் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். "அந்த மஞ்சப் பட்டையா?"

"அது வெறும் பசைங்க. அதுல மருந்தே கிடையாது."

"யார் சொன்னா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். வாயில் பசை இருந்தது.

சோதனை தொடங்கும்போது இரண்டு பசைக்கும் சுவையில் வித்தியாசம் தெரிகிறதா என்று பார்க்க அவளும் இன்னும் சிலரும் இரண்டையும் மென்று பார்த்தார்கள். தொழிற்சாலைக்காரர்கள் குறைந்தது இவ்வளவுதான் செய்வோம் என்று சொல்லி, வேண்டியதற்குமேல் பல மடங்கு அனுப்பிவிட்டார்கள். மிச்சமிருந்த சுவைப் பெட்டிகள் அவளுடைய அறை அலமாரியில் அடுக்கு அடுக்காக நின்றன. மஞ்சள் தொண்டையில் கொஞ்சம் குறைவாக எரிந்த மாதிரி அவளுக்குப் பட்டது. அப்படியானால் மருந்து பச்சையில். மஞ்சள் வெறும் பசை. யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானே அவள் போட்டுக்கொண்ட கணக்கு அது. ஒரு நாள் மதியக் கூட்டத்தில் தூக்கம் வந்தபோது ஒரு மஞ்சளை எடுத்து வாயில் போட்டாள். அது போன வருடத்துக்கு முந்தின வருடம்.

"நான் கவனிச்சிட்டுத்தான் இருக்கேன்" என்றார் கணவர். "கண் முழிச்சா கண்ணாடியைத் தேடறதுக்கு முன்னாடி கைப்பையைத் தேடறே. போன மாசம் பையை ஆபீஸ்ல விட்டுட்டு வந்து, ஞாயித்துக்கிழமைன்னுகூடப் பார்க்காம வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கதவைத் திறக்கச் சொன்னே. வெறும் பசைக்கு யாராவது அப்படிப் பண்ணுவாங்களா?"

"ஏன் சொல்லலை?"

"உனக்குச் சொல்ல முடியுமா? நீதான் அதுல டாக்டர்."

உடனே அதைத் துப்பியிருக்க வேண்டும். அவள் துப்பவில்லை. குளியலறைக்குப் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் தன்னைப் பார்த்தபடி, சத்து முழுக்க இறங்கும்வரை மென்று முடித்தாள். விடுகிறவர்கள் கடைசி சிகரெட்டை இப்படித்தான் கழிப்பறையில் குடிக்கிறார்கள் என்று எத்தனையோ பேர் சொல்லி எழுதிக்கொண்டிருக்கிறாள். எழுதும்போதெல்லாம் அவர்கள்மேல் லேசான இளக்காரம் இருந்திருக்கிறது. இப்போதுதான் அந்த இளக்காரத்தின் முகத்தைப் பார்த்தாள். கண்ணாடியில் அது அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் பசை இல்லாமல் வேலைக்குப் போனாள். அன்று மாதாந்தரப் பேட்டிக்கு வந்தவர் பஸ் டிரைவர். மஞ்சள் பட்டை. சிகரெட்டை விட்டு ஐந்து மாதமாகிறது. பசையைத்தான் விட முடியவில்லை. பசையைக் குறைக்கச் சொன்னால் இன்னும் நாலு பெட்டி கேட்கிறவர். போன மாதம் அவரிடம் அவள் சொன்னது அவளுக்கே ஞாபகம் வந்தது: எல்லாம் உங்க மனசுதான்.

"ஆசை எவ்வளவு இருக்கு? ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள சொல்லுங்க."

"சிக்னல்ல நிக்கும்போது ஒன்பது. வண்டி போயிட்டே இருந்தா நாலு. மனசுதான்னு நீங்க சொன்னீங்க. சரின்னு மனசுகிட்டப் பேசிப் பார்த்தேன். அது பாட்டுக்குக் கேட்டுட்டே இருக்கு."

"தண்ணி குடிச்சுப் பாருங்க. மெதுவா, மடக்கு மடக்கா."

"நீங்க ஒரு தடவை குடிச்சுப் பாருங்க டாக்டரம்மா."

அவள் பேனா மூடியைக் கழற்றினாள், மாட்டினாள், கழற்றினாள். வெளியே யாரோ கதவை அறைந்து சாத்தியதற்குப் பல்லைக் கடித்தாள். டிரைவர் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விட்டு எத்தனை நாளாச்சு?" என்றார்.

"எதை?"

"சரி, நான் கேக்கலை."

"நான் சிகரெட்டே பிடிச்சது கிடையாது."

"நானும் வீட்ல ரொம்ப வருஷம் அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டு, மரியாதைக்குக் கண்ணைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர் போன பிறகு மதிப்பெண் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் ஒன்பது என்றார். போன மாதமாக இருந்தால், வெறும் பசையை மென்றுகொண்டு நாடகம் போடுகிறார் என்று நினைத்து ஆறு என்று ஓரத்தில் குறித்திருப்பாள். இன்று அவருடைய பசையில் மருந்து இருக்கிறது என்று தெரியும், அதனால் பத்துப் போடத் தோன்றுகிறது. இரண்டுமே அவர் சொன்ன எண் இல்லை. நாலு வருடமாகக் கண்ணைக் கட்டிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டு துணியின் ஓரமாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். பார்த்ததும் தப்பாகப் பார்த்திருக்கிறாள்.

வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். அந்த எண்ணம் வந்தபோது அது திருட்டு எண்ணமாகவே வரவில்லை, ரொம்ப நியாயமான யோசனையாகத்தான் வந்தது. ஆறு வாரத்தில் சோதனை முடிகிறது. பத்தொன்பது பேர்தான் பாக்கி. பட்டியலைக் கிழித்துவிட்டால் ஏழாம் எண் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. இத்தனை வருட உழைப்பை ஒரு மெல்லும் பசைக்காக யாராவது கெடுத்துக்கொள்வார்களா? ஆனால் அந்தப் பத்தொன்பது பேர் முன்னாலும் அவள்தான் உட்கார்ந்து மதிப்பெண் போட வேண்டும். தெரிந்ததைத் தெரியாததாக எப்படி ஆக்கிக்கொள்வது? அதற்கு ஒரு பசையும் இல்லை.

இதற்கிடையில் வெளியே பூட்டைப் படுத்திக்கொண்டிருந்தார்கள். லிஃப்டில் அவர் ஏறினால் இரண்டு பேர் மூக்கை உறிஞ்சினார்கள். அவர் மேஜையில் வாய் கொப்பளிக்கும் மருந்துப் புட்டி ஒன்றை வைத்தார்கள். அதை அவர் அலமாரியில் பெயர் வெளியே தெரிகிற மாதிரி நிறுத்தி வைத்தார். ஒரு வாரத்தில் அப்படி ஐந்து புட்டிகள் வரிசையாக நின்றன.

ஆறாவது புட்டியைப் பார்த்த அன்று அவள் அவருடைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஏழாம் நம்பர் நான்."

பூட்டு கையிலிருந்த கோப்பை மூடினார். அதிர்ச்சியடைந்த மாதிரி தெரியவில்லை. கீழ் இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். ரகசியம் வெளிப்பட்டதாகத் தெரிவிக்கும் படிவம். நாலு வருடத்துக்கு முன் அவளே தயாரித்தது. இதுவரை ஒருவரும் நிரப்பியதில்லை.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

"எது?"

"நான் மஞ்சளைத் தின்னுட்டிருக்கேன்னு."

"தின்னறது தெரியும். என் எதிர்லயே தின்னீங்க."

"அப்போ ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

"மூணு தடவை சொன்னேன். பல்லுக்கு ஆகாதுன்னு சொன்னேன். சுவைப் பெட்டியெல்லாம் திருப்பிக் கொடுத்துடுங்கன்னு எழுதிக் கேட்டேன், பார்க்கலாம்னு எழுதினீங்க. ஒரு தடவை உங்க அலமாரிக்குப் பூட்டே வாங்கிட்டு வந்தேன். நீங்க அதை சைக்கிளுக்குப் போட்டுக்கிட்டீங்க."

"வெளிப்படையா சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா மஞ்சள் எதுன்னு சொன்ன மாதிரி ஆயிடும்." படிவத்தை நேராக்கி வைத்துவிட்டு, "பச்சையைத் தின்னிருந்தாலும் நான் இதையேதான் பண்ணியிருப்பேன். நான் இப்பவும் எதுவும் சொல்லலை" என்றார்.

இவ்வளவு நாளும் பசையை வாயில் போடும்போதெல்லாம் இந்த மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டதைத் தன்மேல் உள்ள வெறுப்பு என்று நினைத்து, பதிலுக்கு அவளும் வெறுத்து வைத்திருந்தாள். அந்தக் கணக்கையும் இனி திருத்தி எழுத வேண்டும். அவள் படிவத்தை நிரப்பினாள். எப்படித் தெரியவந்தது என்ற கேள்விக்கு மூன்று வரிதான் இடம் விட்டிருந்தாள். போதவில்லை, பின்பக்கத்திலும் எழுதினாள்.

"இதை மூடி ஒட்டி, சோதனையைக் கண்காணிக்கற குழுவுக்கு அனுப்பிடறேன்" என்றார் பூட்டு. "இனிமே நோயாளிகளை நீங்க பார்க்க முடியாது. வேற டாக்டர் வருவார். வெளியில என்ன சொல்லப்போறீங்க?"

"உண்மையைத்தான். மஞ்சள் பசையால வந்ததுன்னு."

"சொன்னா இங்க வேலை பார்க்கற பதிமூணு பேருக்கு மஞ்சள் எதுன்னு தெரிஞ்சுடும். ரேடியோவையும் சேர்த்து."

ரேடியோவுக்குத் தெரிந்தால் நோயாளிகளுக்கும் தெரிந்த மாதிரிதான். அதோடு சோதனை முடிந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பசையைப் பற்றிச் சொல்லக் கூடாது என்றால் ஏழாம் எண்ணுக்கு ஒரே ஒரு விளக்கம்தான் மிச்சம். நாட்டில் உள்ளவர்களையெல்லாம் சிகரெட்டை விடு விடு என்று துரத்தும் அம்மா, திருட்டுத்தனமாக நாளைக்கு இருபது ஊதுகிறாள்.

"அவசியம் இல்லை" என்றார் பூட்டு. இவ்வளவு நீளமாக அவர் பேசி அவள் கேட்டதே இல்லை. "இப்ப எல்லாரும் என்னைத்தான் நினைக்கறாங்க. ஆறு வாரம் நானே இருந்துட்டுப் போறேன். எனக்குப் பழகிடுச்சு. நீங்க வேற வேலையா இருக்கறதா சொல்லிக்கலாம்."

அவர் அதைத் தியாகம் மாதிரிச் சொல்லவில்லை. மருந்துப் பெட்டியை இந்தத் தட்டிலிருந்து அந்தத் தட்டுக்கு மாற்றலாம் என்கிற மாதிரி சொன்னார். அவளுக்குச் சரி என்று சொல்ல வாய் வந்தது. பல்லுக்குப் பின்னால்வரை வந்துவிட்டது. இத்தனை வருடம் கட்டிக் காத்த தன் பெயர் உண்மையில் எவ்வளவு பெறும் என்று யாரோ சட்டென்று தராசில் போட்டுக் காட்டிய மாதிரி இருந்தது; அடுத்தவருடைய அறை அலமாரியில் ஆறு புட்டி. அவ்வளவுதான்.

"உங்க கதவுல இருக்கற படத்தைக் கிழிச்சிட்டுப் போறேன்" என்று எழுந்தாள்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில், கடைசியாக வேறு ஏதாவது உண்டா என்று கேட்கும் இடத்தில் சொன்னாள். "ஏழாம் நம்பர் எச்சில் என்னோடது. மருந்தாளுநரை எல்லாரும் கேலி பண்ணினது என்னாலதான். இனிமே பேட்டிக்கு நான் வரமாட்டேன்."

ஒருவர் டீயை உறிஞ்சிய சத்தம்கூடத் தனியாகக் கேட்டது. பூட்டு ஜன்னலுக்கு வெளியே வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரேடியோதான் முதலில் மீண்டாள். குரலில் அப்படி ஒரு கனிவு. "எந்த சிகரெட் மேடம்?"

இதற்கு அவள் தயாராகவில்லை. சிகரெட் புகையில் உள்ள ஆயிரக்கணக்கான பொருள்களில் பாதியைப் பெயர் சொல்லுவாள். கடையில் போய் எதைக் கேட்டு வாங்குவது என்று தெரியாது. "எது கிடைக்குதோ அது" என்றாள்.

"ரொம்ப முத்திடுச்சு" என்று ரேடியோ பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது அறை முழுக்கக் கேட்டது. மதியம் அறைக்குத் திரும்பியபோது அவளுடைய மேஜையில், நிலையம் வெளியிட்ட புகையை வெல்ல முப்பது வழிகள் என்ற கையேடு இருந்தது. அவளே எழுதியது. முக்கியமான இடங்களில் ரேடியோ பென்சிலால் கோடு போட்டிருந்தாள். ஒன்பதாவது வழி, மடக்கு மடக்காகத் தண்ணீர் குடிப்பது. எழுந்து போய்க் குடித்துப் பார்த்தாள். தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது.

கணவரிடம் சொன்னபோது அவர் வெகுநேரம் சிரித்தார். பிறகு, "எங்க ஸ்கூல்ல கேட்டா நான் என்ன சொல்லணும்?" என்றார்.

"ஆமா, வீட்லயும் ஊதறான்னு சொல்லுங்க."

"பால்கனியிலன்னு சொல்றேன். கொஞ்சம் கௌரவமா இருக்கும்."

அடுத்த வாரம் வேறு கட்டடத்திலிருந்து ஓர் இளம் டாக்டர் வந்து அவளுடைய அறையில் உட்கார்ந்தார். பசையை விட்டு அவளுக்கு அது இருபத்தோராவது நாள். கோப்பு ஒன்றை எடுக்க வந்தவள், உள்ளே பேட்டி நடந்துகொண்டிருந்ததால் வெளியே நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் பஸ் டிரைவர். அவருக்கு இது கடைசிப் பேட்டி. கணக்குப்படி அடுத்த வாரம்தான், டியூட்டி மாறுவதால் முன்னாலேயே வந்திருந்தார்.

"கேள்விப்பட்டேன்" என்றார்.

"ரேடியோவா?"

"கீழே வாசல்லயே சொல்லிட்டாங்க. எனக்கு அன்னிக்கே தெரியும். அந்தப் பேனா மூடி." தன் கையை நீட்டிக் காட்டினார். கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. "எத்தனை நாள்?"

"இருபத்தொண்ணு."

"பரவால்லையே. நான் எட்டாவது நாளே என் மச்சானை அடிச்சேன். அவன் ஒண்ணும் பண்ணலை, சாப்பிட்டுட்டிருந்தான்."

அவள் தரையைப் பார்த்தாள். "முந்தி ஒரு தடவை எல்லாம் மனசுதான்னு சொன்னேனே, அது தப்பு. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"எப்படித் தெரிஞ்சுது?"

அதை மட்டும் சொல்ல முடியாது. அவர் இன்னும் சோதனையில் இருக்கிறார். அவர் சட்டைப் பையில் மஞ்சள் பட்டை எட்டிப் பார்க்கிறது. அதைப் பார்க்காமல் இருக்கப் பெரும் பாடாக இருந்தது.

"தெரிஞ்சுது" என்றாள்.

அவர் விட்டுவிட்டார். பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்து, "எப்படி ஆரம்பிச்சீங்க? இவ்வளவு படிச்சவங்க" என்றார்.

இந்தக் கேள்விக்கு முந்நூறு பேருடைய பதில் அவளுடைய கோப்புகளில் இருந்தது. நண்பர்கள், பரீட்சை, சாவு வீடு, காதல் தோல்வி. எதை வேண்டுமானாலும் எடுத்துச் சொல்லலாம், யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. ஆனால் இந்த மனிதரிடம் எல்லாம் மனசுதான் என்று ஒரு பொய்யை ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

"கண்ணு முன்னாடி இருந்துச்சு" என்றாள். "எனக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு நினைச்சேன்."

டிரைவர் தலையை ஆட்டினார். "நானும் அதேதான் நினைச்சேன். அப்போ எனக்குப் பதினாறு வயசு. உங்களுக்கு?"

"நாப்பத்தொன்பது."

அவர் சிரித்த சிரிப்பில் பெஞ்சு ஆடியது. அவளாலும் அடக்க முடியவில்லை. இளம் டாக்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, உள்ளே பேட்டி நடக்கிறது, நோயாளிகள் கொஞ்சம் அமைதியாக இருக்க வேண்டும் என்றார். இரண்டு பேரையும் பார்த்துத்தான் சொன்னார்.